நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போகலாமா?

வாசகர் கேள்விகளுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை கால்நடை டாக்டர் பதில்

கேள்வி: தத்தமங்கலம் குதிரையோட்டம் பார்த்ததிலிருந்து எங்கள் பையனுக்குக் குதிரைப் பைத்தியம். நாலாம் வகுப்புப் படிக்கிறான். இலங்கையில் நெடுந்தீவு என்ற இடத்தில் குதிரைகள் தன்னிச்சையாகத் திரிகின்றனவாம், கூட்டிப்போ என்று நச்சரிக்கிறான். அங்கே சவாரி செய்ய விடுவார்களா? எப்போது, எப்படிப் போவது டாக்டர்?
- ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள் அம்மா. ஆனால் சவாரி கிடையாது என்பதை வீட்டிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். தத்தமங்கலத்தில் ஓடும் குதிரை குட்டியிலிருந்தே ஆள் கைபட்டு வளர்ந்தது. சேணம் இல்லாமல் ஏறினாலும் தாங்கிக்கொண்டு ஓடும். நெடுந்தீவுக் குதிரைக்கு மனிதன் பழக்கமே இல்லை. கிட்டே போனால் விலகிப் போகும், விலக வழியில்லை என்றால் உதைக்கும்.

பாலக்காட்டில் எர்ணாகுளம் - காரைக்கால் எக்ஸ்பிரஸ் ஏறினால் நேரே நாகப்பட்டினத்தில் இறங்கலாம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். விமானம் என்றால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம். பையனுக்கும் பாஸ்போர்ட், இலங்கை விசா எல்லாம் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ், பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையில் கொண்டுபோய் விடும். அப்புறம் ஒரு மணி நேரம் படகு. காலையில் போய்ப் பிற்பகல் படகில் திரும்புவதுதான் வழக்கம். தீவுக்குள் சுற்ற ஆட்டோ கிடைக்கும். குடியிருப்பைத் தாண்டித் திறந்த புல்வெளிப் பக்கம் விடச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், போகாதீர்கள். ஆடி, ஆவணியில் தீவே காய்ந்து கிடக்கும். நம் கேரளப் பள்ளிகள் மார்ச் கடைசியில் அடைத்துவிடும் அல்லவா, ஏப்ரல் முதல் வாரம் சரியாக இருக்கும்.

அந்தக் குதிரைகளை அங்கே கொண்டுவந்தது போர்த்துக்கீசியர் என்கிறார்கள். 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் பெருக்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அங்கே குதிரைப் பண்ணை நடத்தினார். பழைய லாயத்தின் கல்தூண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. ஆட்சிகள் போய்விட்டன, குதிரைகள் தங்கிவிட்டன. உடம்பு சின்னது, பெரும்பாலும் பழுப்பு நிறம்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது தண்ணீரைப் பற்றி. நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். பவளப்பாறைச் சுண்ணாம்புத் தரை. ஆறு கிடையாது. மழை பெய்கிற சில மாதங்களில் குளமும் கேணியும் நிறையும், பிறகு வற்றிக்கொண்டே வரும். மக்களுக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. நம் ஊரில் வேலை செய்கிற குதிரை வேனலில் ஒரு நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். சின்ன உடம்பு என்று பாதியாக வைத்தாலும், அவ்வளவு தண்ணீருக்கு அந்த மந்தை எங்கே போகும்? வறட்சி கடுமையான வருஷங்களில் குதிரைகள் செத்து விழுந்திருக்கின்றன.

தண்ணீர் குறைந்தால் முதலில் கெடுவது குடல். சாணம் இறுகிப் பெருங்குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலியில் தரையில் புரளும், தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். கட்டிப்போட்டு வளர்க்கிற குதிரைக்கு இது வந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் காப்பாற்றப் பார்ப்போம். அங்கே யார் விடுவது? அதனால் பையனுக்கு ஒன்று கற்றுக்கொடுங்கள்: குதிரையைப் பார்ப்பதற்கு முன்னால் தரையில் கிடக்கும் லத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரப் பளபளப்போடு உருண்டை உருண்டையாகப் புதுசாகக் கிடந்தால் குதிரைக்குத் தண்ணீர் கிடைக்கிறது. கெட்டியாக, சிறுத்து, புதிதாக விழுந்ததே காய்ந்த மாதிரி இருந்தால் அது தவிக்கிறது. இடுப்பு எலும்புக்கு முன்னால் வயிற்றோரம் குழி விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். இதற்கெல்லாம் தொட வேண்டியதில்லை, நாற்பது அடி தள்ளி நின்றாலே தெரியும்.

பிஸ்கட், பன் எதுவும் போடாதீர்கள். காய்ந்த புல்லுக்குப் பழகிய குடலில் திடீரென்று மாவுப் பண்டம் விழுந்தால் புளித்து, வயிறு உப்பி, குளம்பு வரைக்கும் வீங்கும். பிளாஸ்டிக் பை ஒன்றுகூட அங்கே விடக் கூடாது. உப்பு ருசிக்கு அதை மென்றுவிடும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நீங்கள் போய் நிற்காதீர்கள். காது இரண்டையும் பின்னால் சாய்த்துக் கழுத்தோடு ஒட்டவைத்தால் “தள்ளிப் போ” என்று அர்த்தம். குதிரை லத்தி கிடக்கும் மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். பையனுக்குத் தடுப்பூசி முறைப்படி போட்டிருக்கிறதா என்று பார்த்து, செருப்பு இல்லாமல் மூடிய ஷூ போட்டுவிடுங்கள். எங்கேயாவது கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: இந்தக் காட்டுக் குதிரைக் குட்டி ஒன்றை விலைக்கு வாங்கி வந்து வளர்க்க முடியுமா?
- கோவிந்தாபுரம் வாசகர்

பதில்: முடியாது, அப்படி நினைக்கவும் வேண்டாம். 2015-இல் நெடுந்தீவில் குதிரைகள் திரியும் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். இன்னொன்று, காட்டுக் குதிரை என்று நாம் சொன்னாலும் அவை வளர்ப்புக் குதிரையின் வாரிசுகள்தான், விட்டுப்போய்க் காட்டுக்குணம் திரும்பியவை. மங்கோலியாவின் பிரஷெவால்ஸ்கி குதிரையை வேண்டுமானால் காட்டுக் குதிரை என்று சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக உப்புக்காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் பிழைத்த உடம்பை நம் கொட்டகையில் கட்டித் தவிடு வைத்தால் அதற்கு நல்லதில்லை. மந்தையை விட்டுப் பிரித்த குட்டி தீனியே எடுக்காமலும் போகலாம்.

கேள்வி: எனக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. கடல் தாண்டிப் போக முடியாது. இந்தியாவிலேயே இப்படிக் குதிரைகளைப் பார்க்க இடம் உண்டா டாக்டர்?
- வாசகர், சித்தூர்

பதில்: இருக்கிறது ஐயா. நான் மேலே சொன்ன அதே ரயிலில் நாகப்பட்டினம் இறங்கி, பஸ்ஸில் வேதாரண்யம் போய், அங்கிருந்து கோடியக்கரை போகலாம். 1967-இல் வெளிமானுக்காக அமைத்த சரணாலயம் அது. அதே புல்வெளியில் ஆளில்லாக் குதிரைகளும் மேய்கின்றன. மானும் குதிரையும் ஒரே புல்லைத்தான் தின்ன வேண்டும். அதனால் குதிரை பெருகுவது மானுக்கு நல்லதா என்ற கேள்வி அங்கே உண்டு. மான் தரப்பில்தான் நான் நிற்பேன், அது இந்த மண்ணுக்கே உரிய உயிர். ஆனாலும் குதிரைக் கூட்டத்தைத் தடி கொண்டு விரட்டாமல் வேறு வழி பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் போங்கள், வனத்துறை ஜீப் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், நிறைய நடக்க வேண்டியிருக்கும். மார்கழியில் போனால் பறவைகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.