பஞ்சசீலம் என்ற அமைதிக் கொள்கை பேசிய இந்தியா கோவாவுக்குப் படை அனுப்பியது. புதுச்சேரிக்கு ஏன் அனுப்பவில்லை?

தேவை வரவில்லை. புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் பேச்சுக்கு வந்தது, கோவாவை ஆண்ட போர்ச்சுகல் கடைசிவரை வரவில்லை. 1961 டிசம்பரில் ராணுவம் கோவாவுக்குள் நுழைந்ததற்கு அதுவே முதல் காரணம்.

பஞ்சசீலத்தைத் தனிச் சட்டமாக நினைக்க வேண்டாம். 1954 ஏப்ரல் 29 அன்று பெய்ஜிங்கில் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட திபெத் வணிக உடன்படிக்கையின் முகப்புரையில் வரும் ஐந்து கொள்கைகள்தான் அவை: இறையாண்மையை மதித்தல், ஆக்கிரமிக்காமை, உள்விவகாரத்தில் தலையிடாமை, சமத்துவமும் பரஸ்பர நலனும், அமைதியான சகவாழ்வு. எட்டாண்டுக் கெடு முடிந்து அந்த உடன்படிக்கை 1962-இல் காலாவதியானது. அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர்!

புதுச்சேரியில் நடந்தது வேறு பாதை. அதற்காக இந்தியா கைகட்டி நிற்கவும் இல்லை. சுங்கக் கெடுபிடியால் நெருக்கியது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இணைப்புக்கு 170 வாக்கு, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

போட்டித் தேர்வு எழுதுபவர்கள் சறுக்குவது இதற்குப் பிறகுதான். புதுச்சேரியை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்ததோ அல்ஜீரியப் போர் முடிந்த பிறகு, 1962-இல். சட்டப்படி இணைந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது ஒப்பந்தம். இன்றும் புதுச்சேரித் தமிழர் சிலர் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிப்பது அதனால்தான்.