எந்த மெசினுக்குப் போட்ட புள்ளி?

(வீடியோ கேம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் கல்லடியில் பல காலம் மணித்தியாலக் கணக்கில் கேம் விளையாடும் கடை நடத்தியவர். இப்போது கொன்சோல் திருத்தும் தொழில் செய்கிறார்.)

மகனுக்குப் பதினாறு வயது. பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறான். பாவித்த ‘சைபர்பங்க் 2077’ டிஸ்க் ஒன்று விலைக்கு வருகிறதாம். விமர்சகர்கள் நூற்றுக்கு 86 புள்ளி போட்டிருக்கிறார்கள் என்று போனில் காட்டி, வாங்கித் தரச் சொல்லி நிற்கிறான். வாங்கலாமா?
— ஒரு தாய், புளியந்தீவு

அக்கா, மகன் பொய் சொல்லவில்லை. 86 உண்மையான புள்ளிதான். ஆனால் அது கணினிப் பதிப்புக்குக் கிடைத்தது. விமர்சகர்களின் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இதே கேமின் பிளேஸ்டேஷன் 4 பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஐம்பது சொச்சம்தான் இருக்கும்.

2020 டிசம்பர் 10ஆம் திகதி இந்தக் கேம் வெளிவந்தது. அதற்கு முன் விமர்சகர்களின் கைக்குப் போனது கணினிப் பதிப்பு மட்டுமே. தாங்கள் விளையாடியதைப் பதிவு செய்து காட்டவும் அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. கேமைச் செய்த நிறுவனம் கொடுத்த காட்சிகளையே போட வேண்டியிருந்தது. முதல் நாள் உலகம் முழுவதும் பரவிய நல்ல வார்த்தைகள் எல்லாம் விலை கூடிய கணினிகளின் முன்னால் இருந்து எழுதப்பட்டவை. பழைய பிளேஸ்டேஷனில் டிஸ்க்கைப் போட்டவர்கள் கண்டது வேறு. எதிரே வரும் ஆளின் முகம் களிமண் உருண்டைபோல் நிற்கும், சில நொடிகள் கழித்துத்தான் கண்ணும் மூக்கும் வந்து சேரும். நடுவில் கேம் தானாக மூடிக்கொள்ளும். ஒரு வாரம் போல் பார்த்துவிட்டு சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூனில்.

பிறகு நிறையத் திருத்தினார்கள், மறுக்கவில்லை. ஆனால் இன்று எல்லோரும் புகழும் 2023ஆம் ஆண்டின் பெரிய மேம்படுத்தல் பிளேஸ்டேஷன் 4க்கு வரவேயில்லை. ஆக, அன்றைய புகழும் உங்கள் மகனின் மெசினுக்கு உரியதில்லை, இன்றைய புகழும் இல்லை. அதற்கு வந்த திருத்தங்களைப் போட்டால் ஓரளவு விளையாடலாம். அந்தத் திருத்தங்கள் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில் இறக்க வேண்டும். டேட்டா செலவை டிஸ்க் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எப்படியும் வாங்குவதென்றால் காசைக் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிளேஸ்டேஷன் 4க்கு இது இரண்டு டிஸ்க்காக வந்தது. ஒன்றிலிருந்து தரவுகளை மெசினில் ஏற்ற வேண்டும், மற்றதைப் போட்டு விளையாட வேண்டும். ஏற்றும் டிஸ்க்கைத் தொலைத்துவிட்டு விளையாடும் டிஸ்க்கை மட்டும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர்கள் மெசின்தான் பழுது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று, இது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பதினாறு வயதுப் பையனுக்கு நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன். மகன் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

‘தி லாஸ்ட் ஒஃப் அஸ் பகுதி 2’க்கு மெட்டாகிரிட்டிக்கில் விமர்சகர்கள் 93 கொடுத்திருக்கிறார்கள். வெளிவந்த நாட்களில் அதே பக்கத்தில் பொதுமக்கள் கொடுத்தது பத்துக்கு நான்குகூட இல்லையாம். யாரை நம்புவது?
— உயர்தர மாணவர், கல்முனை

தம்பி, யார் எப்போது போட்டார்கள் என்று பாருங்கள். கேம் வெளிவந்தது 2020 ஜூன் 19. விளையாடி முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் பூச்சியம் போட்டுவிட்டார்கள். கதையின் முக்கியமான இடங்கள் ஏப்ரலிலேயே கசிந்திருந்தன. அந்தக் கோபம் வெளியீட்டு நாள் வரைக்கும் காத்திருந்து புள்ளியாக வந்து விழுந்தது. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக் ஒரு சட்டம் போட்டது: கேம் வெளிவந்து 36 மணித்தியாலம் கழிந்த பிறகுதான் பொதுமக்கள் புள்ளி போடலாம்.

அதற்காக விமர்சகர்களின் 93ஐ அப்படியே விழுங்கவும் சொல்லமாட்டேன். கதை எனக்கும் கனமாகத்தான் இருந்தது, பாதியில் ஒரு வாரம் நிறுத்தி வைத்தேன். ஆனால் பூச்சியம் போடுகிற வேலை இல்லை அது.

சாதாரண தரத்தில் 75 எடுத்தால் ‘ஏ’ சித்தி. கேமுக்கு 75 என்றால் கடைக்காரரே முகத்தைச் சுளிக்கிறார். என்ன கணக்கு இது?
— ஓர் ஆசிரியர், காத்தான்குடி

சேர், உங்களுக்கு இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஒரு சினிமாவுக்கு, நல்லது என்று காட்டும் பச்சை நிறம் கிடைக்க 61 போதும். கேமுக்கு 75 வேண்டும். ஒரே தளம், ஒரே நூறு, இரண்டு அளவுகோல். கேம் விமர்சகர்கள் மேல்பாதியிலேயே புள்ளி போட்டுப் பழகியிருக்கிறார்கள் என்பதைத் தளமே ஒப்புக்கொண்ட மாதிரித்தான்.

ஜப்பானின் ‘ஃபமிட்ஸு’ பத்திரிகை வேறு வழி வைத்திருக்கிறது. நான்கு பேர் ஆளுக்குப் பத்துப் புள்ளி, மொத்தம் 40. 1986இல் தொடங்கிய பத்திரிகையில் முதல் தடவையாக முழு 40 கிடைத்தது 1998இல், நின்டென்டோவின் ‘ஒகரினா ஒஃப் டைம்’ என்ற செல்டா கேமுக்கு. எனக்கு அந்த முறை பிடிக்கும். நான்கு பேருக்குள் ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் அதுவும் கண்ணுக்குத் தெரியும். சராசரியில் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார்.

இந்தச் சராசரி தொழிலாளியின் வயிற்றிலும் அடித்திருக்கிறது. 2010இல் வந்த ‘ஃபோல்அவுட்: நியூ வேகஸ்’ கேமைச் செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. ஒரு புள்ளியில் காசு போனது. இத்தனைக்கும் மெட்டாகிரிட்டிக் எந்தப் பத்திரிகையின் புள்ளிக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பதை வெளியே சொல்வதில்லை. அந்தக் கேமை இன்றைக்கும் ஆட்கள் தேடி விளையாடுகிறார்கள்.

எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட தட்டைத்தான் நான் முதலில் கிளறுவேன். 2006இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘கோட் ஹேண்ட்’ என்ற அடிதடிக் கேமுக்கு ஐஜிஎன் தளம் பத்துக்கு 3 போட்டது. எல்லோருடையதும் சேர்ந்த சராசரி எழுபது சொச்சம். இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடும் கூட்டமே இருக்கிறது. கடினமான கேம்தான், முதல் அரை மணித்தியாலம் அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்தில் எழுதுகிறவருக்கு அந்தப் பொறுமை எங்கே வரும்?

விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களா?
— செங்கலடி வாசகர்

விமர்சகரின் கையில் காசு வைப்பதை நான் கண்டதில்லை. நெருக்குதல் வேறு வழியில் வரும். 2007 நொவெம்பரில் கேம்ஸ்பொட் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன் ‘கேன் அண்ட் லிஞ்ச்’ கேமுக்குப் பத்துக்கு 6 போட்டார். அதே கேமின் விளம்பரம் அந்தத் தளம் முழுவதும் ஒட்டியிருந்தது. அந்த மாதமே அவருக்கு வேலை போனது. புள்ளிக்கும் வேலை போனதற்கும் தொடர்பு இருந்ததை 2012இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

எங்கள் ஊரில் பையன்கள் இன்னும் ‘கிரிக்கெட் 07’ விளையாடுகிறார்கள். வெளிநாட்டு விமர்சகர்கள் கிரிக்கெட் கேம்களைக் கண்டுகொள்வதே இல்லையே, ஏன்?
— பாவித்த சாமான் கடைக்காரர், அக்கரைப்பற்று

நானா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு தேநீர் வாங்கித் தரலாம். பெரிய கேம் தளங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவை. எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று தெரியாத ஆள், துடுப்பை நேரத்துக்கு இறக்கினேனா பிந்தி இறக்கினேனா என்பதற்கு என்ன புள்ளி போடுவார்? எழுதுகிறவர்கள் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சிலர்தான். மூன்று நான்கு விமர்சனத்தில் ஒரு சராசரி நிற்காது.

‘கிரிக்கெட் 07’ வந்தபோது யாரும் அதைத் தூக்கி வைத்து ஆடவில்லை. ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. அடியைக் கொன்ட்ரோலரின் வலதுபக்கக் குச்சியால் அடிக்கலாம்: எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் பந்து போகும். என் கடைக்கு அந்தக் கேம் வந்த பிறகு கொன்ட்ரோலர்களின் வலது குச்சி மட்டும் மொட்டையாகத் தொடங்கியது. மேலிருக்கும் ரப்பர் முதலில் வழுவழுப்பாகும், பிறகு ஓரத்தில் வெடிக்கும், கடைசியில் பெருவிரல் படும் இடத்தில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தெரியும். இடது குச்சி புதிது மாதிரியே இருக்கும். பழுதான கொன்ட்ரோலர்களின் இடது ரப்பரைக் கழற்றி வலதுபக்கம் போட்டுக் கொடுத்தே காலம் தள்ளினேன். அந்தக் கேமுக்கு நான் கண்ட விமர்சனம் அதுதான்.

எல்லாக் கிரிக்கெட் கேமும் அநியாயமாகத் திட்டு வாங்கியது என்று சொல்ல வரவில்லை. ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’ கணினிக்கு வெளிவந்து சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்தி, காசைத் திருப்பிக் கொடுத்து, கொன்சோல் பதிப்பையும் கைவிட்டார்கள். களத்தடுப்பாளர் பக்கத்தில் உருளும் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வருடம் வந்த ‘டொன் பிரட்மன் கிரிக்கெட் 14’ அதைவிடப் பல மடங்கு மேல்.

உலகத்திலேயே மோசமான கேமைப் பாலைவனத்தில் புதைத்தார்களாமே?
— வாழைச்சேனை வாசகர்

பாதி உண்மை. 1982இல் அட்டாரி 2600 என்ற பழைய மெசினுக்கு வந்த ‘ஈ.டி.’ ஐந்து வாரம் போலத்தான் எடுத்துச் செய்யப்பட்டது. விற்காமல் தேங்கியதை 1983இல் நியூ மெக்சிகோவில் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது அது மட்டும் வரவில்லை, நன்றாக விற்ற வேறு கேம்களும் சேர்ந்தே வந்தன.

நானும் தம்பியும் ஒரே பிளேஸ்டேஷன் 4ஐ வைத்துச் சண்டை பிடிக்கிறோம். இருவரும் சேர்ந்து விளையாட, விமர்சகர்களும் ஏற்றுக்கொண்ட ஒரு கேம் சொல்லுங்கள்.
— திருக்கோவில் வாசகி

‘இட் டேக்ஸ் டூ’. 2021இல் ஆண்டின் சிறந்த கேம் விருதைப் பெற்றது. தனியாக விளையாடவே முடியாது, திரையை இரண்டாகப் பிரித்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்க வேண்டும். இணையம் தேவையில்லை. இரண்டாவது கொன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும் தங்கச்சி. பாவித்ததை வாங்குவதென்றால் இரண்டு குச்சியிலும் கை படாமல் வைத்து, திரையில் ஆள் தானாக நடக்கிறானா என்று பார்த்து வாங்குங்கள்.