கைவினை அணிகலன்களை இணையத்தில் விற்பது: கேள்விகளும் பதில்களும்

பட்டு நூல் வளையல், சுடுமண் தோடு, மணி மாலை போன்றவற்றை வீட்டிலேயே செய்து இணையத்தில் விற்க விரும்புவோர் கேட்டிருந்த கேள்விகளுக்கு, இந்தத் தொழிலில் இருக்கும் அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். தொழிலைத் தொடர முடியாமல் நிறுத்தியவர்களுடன் பேசும்போது, விற்கவில்லை என்ற குறையை விட, விற்றும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்ற குறையையே அதிகமாகக் கேட்கிறேன். அதனால் விலையைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சேலம்): வணக்கம் அம்மா. ஆறு வளையல்கள் கொண்ட பட்டு நூல் செட்டை 200 ரூபாய்க்கு விற்கிறேன். நூல், கல், பசை, நூல் சுற்றுவதற்கான அடிவளையல் எல்லாம் சேர்த்து 90 ரூபாய்தான் ஆகிறது. மாதம் முழுவதும் உட்கார்ந்து செய்தும் பணம் தங்கவில்லையே, ஏன்?

பதில்: உங்கள் கணக்கில் உங்கள் கூலி எங்கும் இல்லை. ஒரு செட் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வேலைக்கு வேறொருவரை அமர்த்தினால் மணிக்கு 80 ரூபாயாவது கொடுப்பீர்கள் என்றால், கூலி 120 ரூபாய் ஆகிறது. பெட்டி, பபிள் ராப், டேப் ஆகியவற்றுக்கு 20 ரூபாய், வீணாகும் நூல், கழன்று விழும் கற்கள், கடைக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்கு இன்னொரு 20 ரூபாய் என்று சேர்த்தால், அடக்கவிலை 250 ரூபாய். அதை 200 ரூபாய்க்கு விற்கும்போது, ஒவ்வொரு செட்டிலும் 50 ரூபாயை உங்கள் கூலியிலிருந்து எடுத்து வாங்குபவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கூலியை லாபம் என்று நினைப்பதுதான் வீட்டுத் தொழில்களில் நடக்கும் பெரிய பிழை. கூலி நீங்கள் செய்த வேலைக்கு உரியது. அடுத்த முறை சரக்கு வாங்கவும், திரும்பி வரும் பார்சலின் நட்டத்தைத் தாங்கவும் லாபம் தனியாக வேண்டும். 250 ரூபாய் அடக்கத்தின் மேல் 30 சதவீதம் வைத்தால் விலை 325 ரூபாய். ஆனால் அதே செட்டை 15 சதவீதம் பிடித்துக்கொள்ளும் ஒரு தளத்தில் விற்றால் உங்களுக்கு வருவது சுமார் 276 ரூபாய், அதாவது லாபம் 26 ரூபாய் மட்டுமே. அங்கே விலை சுமார் 383 ரூபாயாக இருந்தால்தான் கணக்கு நேராகும். விலை அதிகம் என்று வாடிக்கையாளர் சொன்னால் அதே பொருளை மலிவாகக் கொடுக்காதீர்கள். கல் ஒட்டாமல் நாற்பது நிமிடத்தில் முடியக்கூடிய நான்கு வளையல் செட் ஒன்றைத் தனியாக உருவாக்கி அதைக் குறைந்த விலைக்குக் கொடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவி): கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. ரெசின் (அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பிசின்), குயிலிங் (காகிதச் சுருள் வேலை), சுடுமண், பட்டு நூல் எல்லாம் கற்றிருக்கிறேன். எதில் தொடங்குவது?

பதில்: நான்கிலும் தொடங்கினால் 5,000 ரூபாயும் நான்கு டப்பாக்களில் மீந்த பொருளாக உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு வகையை எடுத்து, மூன்று வடிவங்களை மட்டும் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பொருளை அதே தரத்தில், சொன்ன நாளில் மீண்டும் செய்து கொடுக்க முடியுமா என்பதை வைத்தே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னை சவுகார்பேட்டையில் மொத்த விலை குறைவுதான். ஆனால் அங்கே டஜன் கணக்கிலும் பாக்கெட் கணக்கிலும் வாங்க வேண்டியிருக்கும். முதல் சில செட்டுகளுக்கு உங்கள் ஊர் பேன்சி ஸ்டோரில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துச் சில்லறையாக வாங்குவதே முதலைக் காப்பாற்றும்.

ரெசினைத் தேர்ந்தெடுத்தால் நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமான அறையும் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். எப்பாக்சி ரெசின் இறுகும் முன் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒரு முறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் போவதில்லை.

கேள்வி (கரூர்): வளையல் அளவு பொருந்தவில்லை என்று அடிக்கடி திரும்பி வருகிறது. 2.4, 2.6 என்று வாடிக்கையாளர் சொன்ன அளவைத்தான் அனுப்புகிறேன்.

பதில்: 2.4 என்பதை 2.4 அங்குலம் என்று பலர் படித்துவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். எனவே 2.4 என்றால் இரண்டே கால் அங்குல உள்விட்டம், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். 2.6 என்பது சுமார் 60, 2.8 என்பது 63.5, 2.10 என்பது சுமார் 67 மில்லிமீட்டர். ஆகவே 2.10 என்பது 2.2-ஐ விடச் சிறியது என்று எண்ணி யாரும் கேட்டால், அங்கேயே நிறுத்தி விளக்கிவிடுங்கள்.

வாடிக்கையாளரிடம் அளவைக் கேட்பதை விட, அவருக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய வளையலை ஸ்கேலின் மேல் வைத்து, உள்பக்கத்தின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை மில்லிமீட்டரில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. அடிவளையலின் உள்பக்கமாகவும் நூல் சுற்றி வருவதால் சுற்றி முடித்த பிறகு உள்விட்டம் சிறிது குறையும். அதனால் முடித்த வளையலை அளந்து, அந்த அளவையே விற்பனைக் குறிப்பில் எழுத வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் தோடுகளைப் போட்டவர்களில் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகிறது. நல்ல ஜெர்மன் சில்வர்தான் வாங்குகிறேன்.

பதில்: இதை இன்றே மாற்றிவிடுங்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. அது தாமிரம், துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை. அணிகலன்களால் வரும் தோல் ஒவ்வாமைக்கு நிக்கலே முதன்மையான காரணம். காது குத்திய துளைக்குள் உலோகம் நேரடியாகச் சதையைத் தொடுவதால் அங்கே பாதிப்பு கூடுதலாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் துளைக்குள் செல்லும் பாகத்துக்கு மட்டும் தனியாக, வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே நிக்கல் வெளிவர வேண்டும் என்று கடுமையான வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

தோட்டின் முகப்பு எதில் இருந்தாலும், காதுக்குள் போகும் கொக்கியையும் தண்டையும் 316 எல் வகை அறுவைச்சிகிச்சை எஃகிலோ, 92.5 வெள்ளியிலோ போடுங்கள். அந்த எஃகிலும் நிக்கல் இருக்கிறது. ஆனால் அது இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே வெளிவரும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைட்டானியம் நல்லது. முகப்பு எந்த உலோகம், கொக்கி எந்த உலோகம் என்று தனித்தனியாக எழுதுங்கள். உறுதியாகத் தெரியாத உலோகத்துக்கு ‘ஒவ்வாமை தராதது’ என்று எழுதுவது வாங்குபவரின் உடம்போடு விளையாடுவதாகும்.

கேள்வி (மானாமதுரை அருகில்): சுடுமண் தோடுகள் சூளையிலேயே வெடிக்கின்றன. சில, வாடிக்கையாளர் கையில் நீர் பட்டதும் கரைகின்றன.

பதில்: இவை இரண்டு வெவ்வேறு குறைகள். வெடிப்பதற்குக் காரணம் உள்ளே தங்கிய ஈரம். சூடு வேகமாக ஏறும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைக்கிறது. மண்ணை நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றி, வெயில் படாத நிழலில் பல நாள்கள் உலரவிட்டு, முதல் சூட்டை மிக மெதுவாக ஏற்றுங்கள். பெரிய ஜிமிக்கியை உள்ளீடற்றதாகச் செய்தால் வெடிப்பும் குறையும், காதும் தொங்காது.

கரைவதற்குக் காரணம் போதாத சூடு. சுமார் 600 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சுட்டால்தான் மண் தன்னோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரை இழந்து, மீண்டும் குழையாத பொருளாகிறது. மேலே பூசிய வண்ணமும் வார்னிஷும் இந்தக் குறையைச் சில நாள் மறைக்குமே தவிர நீக்காது. ஒவ்வொரு சூளையிலிருந்தும் வண்ணம் பூசாத ஒரு துண்டை எடுத்து இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது குழைந்தால் அந்தச் சூளையில் வெந்த எதையும் விற்காதீர்கள்.

கேள்வி (மதுரை): ஜி.எஸ்.டி. பதிவு உடனே வேண்டுமா? ஆண்டு விற்பனை இரண்டு லட்சம்கூட வராது.

பதில்: தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. சிக்கல் மாநில எல்லையில்தான் தொடங்குகிறது. பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை; பொதுவிதியின்படி அதற்குத் தொகை எவ்வளவு என்று பாராமல் பதிவு வேண்டும். அரசு அறிவிக்கையில் உள்ள கைவினைப் பொருள்களைச் செய்பவர்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை இதில் விலக்கு உண்டு. ஆனால் பான் எண் இருக்க வேண்டும், இ-வே பில் (சரக்கை அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் ஆவணம்) எடுக்க வேண்டும். உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை ஆடிட்டரிடம் மாதிரியைக் காட்டியே கேளுங்கள்.

பெரிய விற்பனைத் தளங்களைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்று, சொந்த மாநிலத்துக்குள் பதிவின்றி விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அத்தளங்கள் வழியாக விற்க வேண்டுமானால் பதிவு தேவை. வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும்: கவரிங் போன்ற பாவனை நகைகளுக்கு 3 சதவீதம், கண்ணாடி வளையலுக்கு வரியே கிடையாது.

கேள்வி (தருமபுரி): உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பதிவு முற்றிலும் இலவசம். அரசின் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு நீங்களே செய்யலாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கச் செல்லும்போது இது உதவும்.

கேள்வி (ஈரோடு): புடவையின் படத்தை அனுப்பி அதே நிறத்தில் வளையல் கேட்கிறார்கள். செய்து அனுப்பினால் நிறம் ஒக்கவில்லை என்கிறார்கள்.

பதில்: கைபேசிப் படத்தை நம்பி நிறம் சேர்க்க முடியாது. பட்டு நூல் கண்டுகளுக்கு நிற எண் உண்டு. புடவையின் முந்தானையிலிருந்து ஓர் இழையையோ, ரவிக்கைத் துணியின் சிறு வெட்டையோ தபாலில் அனுப்பச் சொல்லி, அதைப் பகல் வெளிச்சத்தில் நூல் கண்டுகளோடு ஒட்டிப் பார்த்து, அந்த நிற எண்ணை ஆர்டரில் குறித்துவையுங்கள். அவசரமாகக் கேட்பவருக்கு ‘நெருங்கிய நிறம்’ என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே நூலைச் சுற்றத் தொடங்குங்கள். உங்கள் சொந்தப் படங்களையும் ஃப்ளாஷ் இல்லாமல், சன்னல் ஓரத்தில், வெள்ளைத் தாளின் மேல் எடுங்கள். கையில் அணிந்த படம் ஒன்றாவது வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வருகிறது, கணக்கில் வரவில்லை.

பதில்: ஸ்கிரீன்ஷாட் பணமாகாது. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு வந்ததைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள். பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைப் போடவேண்டிய தேவை எப்போதும் இல்லை. போடச் சொல்பவர் ஏமாற்றுக்காரர்.

கேள்வி (திருச்சி): 150 கிராம் வளையலுக்குக் கூரியரில் அரை கிலோவுக்கு மேல் கட்டணம் போட்டார்கள். இது சரியா?

பதில்: பெட்டி பெரிதாக இருந்திருக்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் கிலோ கணக்கையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கூரியர்கள் பொதுவாகக் கட்டணம் போடுவார்கள். 20, 15, 10 அளவுள்ள பெட்டி 600 கிராமாகக் கணக்காகும். 8, 8, 8 அளவுள்ள பெட்டி சுமார் 100 கிராம்தான். வளையலின் அளவுக்கேற்ற நெளி அட்டைப் பெட்டியை மொத்தமாகச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பெரிய தளங்களில் கடை திறப்பதா, வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதுமா? என் கடைப் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளாமல் காப்பது எப்படி?

பதில்: தொடக்கத்தில் வாட்ஸ்அப் பிசினஸும் இன்ஸ்டாகிராமும் போதும் என்பதே என் முடிவு. பெரிய தளத்தில் ஒரே நாளில் ஐம்பது ஆர்டர் வந்தால் இரண்டு கைகளால் செய்து முடிக்க முடியாது. தாமதமானால் மதிப்பெண் சரிந்து, அதை மீட்பது கடினமாகிவிடும். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்து அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். எனவே ஒவ்வொரு பார்சலிலும் எண்ணைச் சேமிக்கச் சொல்லி ஓர் அட்டை வையுங்கள்.

பெயருக்கு வர்த்தகக் குறியீடு பதியலாம். நகைகள் 14ஆம் வகுப்பில் வருகின்றன. தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். நீங்கள் நாகர்கோவில்காரர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: வடசேரிக் கைவினைஞர்களின் நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அச்சில் வார்த்த பாவனை நகைகளுக்கு அந்தப் பெயரை வைத்து விற்காதீர்கள். அது சட்டப்படியும் தவறு, அந்தக் கைகளுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

கேள்வி (விழுப்புரம்): வளைகாப்புக்கு 300 வளையல்கள் பத்து நாளில் வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு வளையலுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் 300 வளையல்களுக்கு 75 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் பன்னிரண்டு நாள் தாண்டும். எனவே தனியாக ஒப்புக்கொள்ள முடியாது. உதவிக்கு ஒருவரை அமர்த்தி அவருடைய கூலியை விலையில் சேர்க்கலாம், அல்லது கல் ஒட்டாத எளிய வடிவத்தைக் காட்டி அதற்கு அவர்களைச் சம்மதிக்க வைக்கலாம். எதுவானாலும் பாதித் தொகையை முன்பணமாக வாங்கி, ஒரே சாய லாட்டிலிருந்து (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியிலிருந்து) நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள்; இடையில் லாட் மாறினால் ஒரே எண் கொண்ட நூலிலும் நிறம் சற்று விலகும். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே பொருள் அவர்கள் வீட்டில் இருக்கும்படி நாளைக் குறித்து, அதற்குச் சாத்தியமில்லை என்று கணக்கு சொன்னால் ஆர்டரை அன்றே மறுத்துவிடுங்கள். அவர்கள் வேறு ஆளைத் தேட அப்போதுதான் நேரம் கிடைக்கும்.