மலையில் படப்பிடிப்பு: செலவும் அனுமதியும்

கேள்வி: தருமபுரியில் நண்பருடன் சேர்ந்து சிறிய வீடியோ தயாரிப்பு நிறுவனம் தொடங்கியுள்ளேன். வத்தல்மலை, சித்தேரிப் பக்கம் படப்பிடிப்பு வாய்ப்புகள் வருகின்றன. டிரோன் வாங்கலாமா? ஜிஎஸ்டி பதிவு கட்டாயமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: ஜிஎஸ்டியை முதலில் முடித்துவிடுவோம். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை.

டிரோன் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மிகாத நானோ வகையை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதைவிடக் கனமானதைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் சான்றிதழ் வேண்டும். எந்த டிரோனாக இருந்தாலும், காப்புக்காட்டின் மேல் பறக்கவிட நினைத்தால் மாவட்ட வன அலுவலகத்தின் அனுமதியை எழுத்துப்பூர்வமாகப் பெற்ற பிறகே மலையேறுங்கள்; 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று நண்பர் சொன்னால் கேட்காதீர்கள்.

பெரும்பாலான புதியவர்கள் பணத்தை இழப்பது கேமராவில் அல்ல, நாள் கணக்கில்தான். மார்கழிக் காலையில் பனிமூட்டம் விலகக் காத்திருந்தே பாதிப் பொழுது போய்விடும் என்பதால், பயண நாளுக்கான தொகையையும், வானிலையால் கூடும் ஒரு நாளுக்கான தொகையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி விரைவில் தீரும். உபரி பேட்டரிகளைச் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள். குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூக்கும். ஆகவே பையை உடனே திறக்காமல் அரைமணி நேரம் மூடியே வையுங்கள்.