பத்தொன்பது கோப்பைகளின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க வாலிபால் வீரர் கார்ச் கிராலி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அவர் ஆடிய யுசிஎல்ஏ, அதாவது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் வாலிபால் அணி, ஒரே பயிற்சியாளரின் கீழ் 19 முறை தேசியக் கோப்பையை வென்றது என்று அதில் ஒரு வரி வந்தது. வாலிபால் ஆடியவரான என் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அந்தக் காலத்தில் அங்கே நாலு காலேஜ்தான் ஆடினார்கள். நாலு பேர் ஓடுகிற பந்தயத்தில் முதலில் வருவது ஒரு பெரிய விஷயமா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நாலு வருடத்தில் மொத்த அணியும் மாறிவிடுகிறது. அப்படியிருக்க, ஒரு பல்கலைக்கழக அணியின் வரலாறு என்று எதைச் சொல்வது?

அன்புடன்,
கு.

அன்புள்ள கு.,

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி சரி. என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கம். 1970ல் அது நடத்திய முதல் ஆண்கள் வாலிபால் போட்டியில் மொத்தமே நான்கு அணிகள். மூன்று கலிஃபோர்னியாக்காரர்கள், நான்காவது இந்தியானாவின் பால் ஸ்டேட். போட்டி நடந்ததும் யுசிஎல்ஏவின் சொந்த அரங்கமான பாலி பெவிலியனில்தான். அங்கே லாங் பீச் ஸ்டேட்டை வென்று முதல் கோப்பையை எடுத்தார்கள். (லாங் பீச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.) 1994ல் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் வெல்லும்வரை கோப்பை கலிஃபோர்னியாவைத் தாண்டவே இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்கள் வாலிபால் இன்றும் சின்ன விளையாட்டுதான். முதல் டிவிஷனில் பெண்கள் அணிகள் 300க்கு மேல். ஆண்கள் அணிகள் அதில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

அண்ணன் விட்டுவிட்டது மீதிப் பாதி. நாலு பேர் ஓடிய பந்தயம்தான், ஆனால் அந்த நாலு பேரும் நாட்டிலேயே வேகமானவர்கள். யுசிஎல்ஏ, யுஎஸ்சி, பெப்பர்டைன், லாங் பீச், சான்டா பார்பரா, சான் டியேகோ ஸ்டேட் எல்லாம் ஒரே கடற்கரையை ஒட்டி வரிசையாக இருப்பவை. அந்த மணலில் சின்ன வயதிலிருந்தே இரண்டு இரண்டு பேராக ஆடி வளர்ந்த பையன்கள்தான் இந்தக் கல்லூரிகளுக்கு வந்தார்கள். இரண்டே பேர் ஆடும்போது ‘எனக்கு ஸ்மாஷ் மட்டும்தான் வரும்’ என்று யாரும் சொல்ல முடியாது. சர்வீஸை எடுக்க வேண்டும், ஜோடி அடிப்பதற்குப் பந்தை எழுப்பி லிஃப்ட் கொடுக்க வேண்டும், விழுந்து பந்தை மேலே எழுப்ப வேண்டும். கிராலி தன் 11ஆவது வயதில் முதல் பீச் போட்டியை ஆடியது அப்பாவோடு ஜோடி சேர்ந்து. ஹங்கேரியின் ஜூனியர் அணிக்கு ஆடிவிட்டு அமெரிக்காவுக்குக் குடியேறியவர் அவருடைய அப்பா. 1984லும் 1988லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணிகளைப் பாருங்கள். பெரும்பாலோர் இந்தக் கல்லூரிகளுக்காக எதிரெதிரே நின்று ஆடியவர்கள்.

1979ஆம் ஆண்டு அணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நானும் செட்டராக, அதாவது லிஃப்ட் கொடுப்பவராக ஆடியவன் என்பதால் அந்த அணி மேல் எனக்குத் தனிப் பிரியம். வழக்கமாக அணிக்கு ஒரு செட்டர். அவர் முன்வரிசைக்கு வந்துவிட்டால் அடிப்பதற்கு அங்கே இரண்டு பேர்தான் மிச்சம். அந்த வருடம் யுசிஎல்ஏ இரண்டு செட்டர்களோடு ஆடியது. ஒருவர் கடைசி வருட மாணவர் சிஞ்சின் ஸ்மித், இன்னொருவர் முதல் வருட மாணவர் கிராலி. பின்வரிசையில் இருப்பவர் வலைக்கு ஓடிவந்து லிஃப்ட் கொடுப்பார். ரொடேஷனில், அதாவது ஆட்கள் சுற்றி இடம் மாறும்போது, முன்னால் வந்ததும் அவரே ஸ்மாஷ் அடிப்பார், லிஃப்ட் வேலை மற்றவருக்குப் போய்விடும். ஆக முன்வரிசையில் எப்போதும் மூன்று பேர் அடிக்கத் தயார். எதிரணி பிளாக்கர்களுக்கு மூச்சுவிட ஒரு ரொடேஷன்கூடக் கிடைக்காது. இதற்கு விரல் நுனியில் மென்மையும் தோளில் பலமும் உள்ள இரண்டு ஆட்கள் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். அமைந்தார்கள். அந்த வருடம் 31 ஆட்டம், 31 வெற்றி. கிராலி இருந்த நான்கு வருடங்களில் 123 வெற்றி, 5 தோல்வி, 3 கோப்பை. இடையில் 1980ல் மட்டும் இறுதி ஆட்டத்தில் யுஎஸ்சியிடம் தோற்றார்கள்.

பயிற்சியாளர் ஆல் ஸ்கேட்ஸ் 1963ல் பொறுப்பேற்று 2012 வரை இருந்தார். 50 பருவங்கள், 1,239 வெற்றிகள். அதில் பல வருடங்கள் அவர் பகலில் பெவர்லி ஹில்ஸில் ஒரு தொடக்கப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகவும் வேலை பார்த்திருக்கிறார். வாலிபாலில் பணம் இல்லை. ஆண்கள் வாலிபால் அணிக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உதவித்தொகைக்கு நெடுங்காலம் இருந்த வரம்பு நாலரை ஆளுக்கான முழுத் தொகை. அதைத்தான் இருபது பேர் வரை பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

அவருடைய அணிகளில் 1984ல் ஆடிய 38 ஆட்டங்களையும் வென்ற அணியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் 2006ஐச் சொல்வேன். பருவத்தின் நடுவில் 12 வெற்றி, 12 தோல்வி என்று நின்ற அணி அது. அதற்கு மேல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. தொடர்ந்து 14 வெற்றி. கடைசியாக பென் ஸ்டேட்டை அவர்கள் அரங்கிலேயே வென்றார்கள். 19ஆவது கோப்பை அதுதான். அப்போது கோப்பைக்காகப் பருவம் முழுக்க மோதியவை நாலு காலேஜ் மட்டும் இல்லை. இதை அண்ணனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கோப்பைக் கணக்கில் வராத ஒருவரையும் சொல்லியாக வேண்டும். முதல் கோப்பை வென்ற அணியில் இருந்த கர்க் கில்கோர். இத்தாலிக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தார். 1976ல் அங்கே பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துவிட்டது. அதன்பிறகும் அவர் வாலிபாலை விடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பயிற்சி கொடுத்தார், தொலைக்காட்சியில் வர்ணனை செய்தார். 2002ல் இறந்தார்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. ஆட்கள் மாறுகிறார்கள், உண்மைதான். ஆனால் சிலர் திரும்பி வருகிறார்கள். ஸ்கேட்ஸுக்குப் பின் பொறுப்புக்கு வந்த ஜான் ஸ்பெரா, 1993லும் 1995லும் அவரிடமே ஆடிக் கோப்பை வென்றவர். பக்கத்து இர்வைன் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக மூன்று கோப்பைகள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். தன் சொந்த அணிக்கு ஒன்று வாங்கத்தான் அவருக்குப் பத்து வருடம் பிடித்தது. 2018ல் இறுதி ஆட்டம் பாலி பெவிலியனில். எதிரே லாங் பீச். ஐந்து செட் ஆடி, சொந்த அரங்கிலேயே தோற்றார்கள். 48 வருடத்துக்கு முன் அதே அரங்கில் வாங்கிய அடியை லாங் பீச் திருப்பிக் கொடுத்துவிட்டது. அப்புறம் 2023ல் ஹவாயை வென்று 20ஆவது கோப்பை வந்தது. அடுத்த வருடம் மறுபடி லாங் பீச், இந்த முறை லாங் பீச்சின் அரங்கில். யுசிஎல்ஏ 3-1 என்று வென்றது. அன்று ஆடிய பையன்கள் யாரும் 1970ல் பிறந்திருக்கவே இல்லை.

அன்புடன்.