பாலைவன எரிமலைப் பாறையில் டோபாஸ் என்ற ரத்தினக்கல் கிடைக்கிறதே, வேலூர் மலைகளில் ஏன் கிடைப்பதில்லை?

எரிமலைக் குழம்பு தரைக்கு மேலே வந்து சீக்கிரம் இறுகினால் உண்டாகும் வெளிர்நிறப் பாறைகளில் ஒன்று ரையோலைட். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் உள்ள டோபாஸ் மலை அந்த வகை. வயது சுமார் 60–70 லட்சம் ஆண்டுகள். குழம்பு இறுகும்போது உள்ளே சிக்கிய வாயு, பாறைக்குள் பொந்துகளை உண்டாக்கியது. அந்த வாயுவில் ஃப்ளூரின் மிகுதி. அதோடு அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து பொந்தின் சுவரில் டோபாஸாகப் படிந்தன. கற்பூர டப்பாவைப் பல நாள் கழித்துத் திறந்தால் மூடியின் உள்பக்கம் பொடிப்பொடியாக மின்னுமே, அதே வேலைதான்.

வேலூர்க் கோட்டைச் சுவரின் கருங்கல்லைப் பாருங்கள், ஒரு பொந்துகூட இருக்காது. நம் மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில், மெதுவாக இறுகியவை. வாயு விரிந்து பொந்து உண்டாக்க அங்கே இடமில்லை, அதனால் இந்த வகை டோபாஸும் இல்லை.

எரிமலைப் பாறையில் டோபாஸ் தேடுவோர் முதலில் பொந்துள்ள பாறையைத்தான் தேட வேண்டும். உளியைப் படிகத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் நான்கு விரல் தள்ளி வைத்துத் தட்டுங்கள். 10 வரை போகும் மோஸ் கடின அளவில் டோபாஸ் 8 என்றாலும், ஒரே அடியில் குறுக்கே தட்டையாகப் பிளந்துவிடும். நல்ல படிகங்கள் பல இப்படித்தான் வீணாகின்றன. சில்லுகள் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தட்டவே கூடாது. தேன் நிறப் படிகம் கிடைத்தால் உடனே காகிதத்தில் சுற்றுங்கள், வெயிலில் நிறம் போய்விடும்.

டோபாஸ் மலையின் தரையில் நிறமற்றுக் கிடப்பதெல்லாம் வெறும் கண்ணாடிச் சில்லு என்று பலர் ஒதுக்குகிறார்கள். அவற்றில் பல, வெயிலில் வெளுத்த அசல் டோபாஸ்தான்.