கோயில் நவராத்திரிச் சுண்டல் மாலைக்குள் ஊசிப்போகிறதா?

தேங்காயை மதியமே கலக்காதீர்கள். நைவேத்தியத்துக்கு எடுக்கும் பங்கில் மட்டும் அப்போதே சேருங்கள். மற்றதில் விநியோகத்துக்குச் சற்று முன் துருவிப் போட்டால் போதும்.

மதியம் 2 மணிக்குத் தாளித்த கொண்டைக்கடலை மாலை 7 மணிக்கே நூல் விடுகிறதா? தேங்காயோடு ஈரமும் சேர்ந்திருக்கும். சூட்டோடு அண்டாவை மூடினால் ஆவி மூடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழும். புரட்டாசிப் புழுக்கத்தில் அது போதும், கெட்டுப்போக.

1. வெந்ததும் நன்றாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். உள்ளங்கையில் நாலு கடலையை உருட்டினால் கை நனையக் கூடாது.
2. பிறகு தாளியுங்கள். ருசி பார்க்க முடியாதே, அதனால் உப்பை அளந்தே போடுங்கள்: 1 கிலோ காய்ந்த கடலைக்கு மட்டமாக 4 தேக்கரண்டி.
3. மூடிக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி.

இரவு முழுக்க ஊறும்போதே புளித்திருக்கவும் கூடும். காலையில் தண்ணீரில் நுரையும் வாடையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடுத்த நாளுக்கு 8 மணி நேரம் ஊறினால் போதும், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்.

காரணம் தேங்காய்தானா என்று தெரிய, இரண்டு கிண்ணத்தில் தேங்காயோடும் இல்லாமலும் எடுத்துவைத்து மாலையில் முகர்ந்து பாருங்கள்.

ஒன்று மட்டும்: பிசுபிசுத்த சுண்டலைச் சுடவைத்துக் கொடுக்கவே வேண்டாம். வரிசையில் குழந்தைகள்தான் அதிகம் நிற்பார்கள். அன்றைக்குக் கற்கண்டும் பழமும் கொடுத்துவிடுங்கள்.